கேளுங்க அக்கா: டெல்லி பிசினஸ் காலேஜ், பீஸ் கம்மி, ஆனா மேக்ஸ் வேணும்

போன மாசம் ஒரு பதில்ல போற போக்குல "பி.பி.ஏ. படிக்கணும்னா பிரைவேட் காலேஜ் மட்டும்தான்னு யாரு சொன்னது, டெல்லி யுனிவர்சிட்டில பாருங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், தபால், மெயில், வாட்ஸப்னு வந்து குவிஞ்சிருச்சு. அதனால இந்த மாசம் முழுக்க அந்த ஒரு விஷயம்தான். பிளட் குரூப் பார்த்து வேலை தேடலாமான்னு கேட்ட சேலம் தம்பி மன்னிக்கணும், உங்களுக்கு அடுத்த மாசம்.

அக்கா, என் பொண்ணு பிளஸ் ஒன் காமர்ஸ் குரூப், பிசினஸ் மேக்ஸ் எடுத்திருக்கா. டெல்லில ஒரு கவர்மென்ட் காலேஜ்ல பி.பி.ஏ. மாதிரி ஒரு படிப்பு இருக்கு, அங்க கெடச்சா ஐ.ஐ.எம்.ல கெடச்ச மாதிரின்னு டியூஷன் சார் சொல்றாரு. நெசமா, இல்ல ஆள் பிடிக்கிற வேலையா? (ஒரு அம்மா, சிவகாசி)

காலேஜ் நெசந்தாம்மா. பேரு ஷாகீத் சுக்தேவ் காலேஜ் ஆஃப் பிசினஸ் ஸ்டடீஸ். பகத் சிங், ராஜகுருவோட 1931 மார்ச் 23 அன்னிக்கு லாகூர்ல தூக்குல போட்டாங்களே சுக்தேவ், அவரு பேருதான். 1987ல ஆரம்பிச்ச காலேஜ், டெல்லி யுனிவர்சிட்டிக்கு கீழ வருது, செலவுக்கு காசு குடுக்கிறது டெல்லி அரசு. முன்னாடி ஜில்மில் காலனி பக்கம் இருந்துச்சு, இப்போ ரோகிணி செக்டர் 16ல. அங்க இருக்கிற முக்கியமான படிப்பு பி.எம்.எஸ்., அதாவது பேச்சலர் ஆஃப் மேனேஜ்மென்ட் ஸ்டடீஸ், முன்னாடி இதையே பி.பி.எஸ்.னு சொல்வாங்க. கூடவே பைனான்ஸ் மட்டும் ஆழமா படிக்க பி.பி.ஏ. எஃப்.ஐ.ஏ.ன்னு ஒன்னு, அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸும் உண்டு.

"ஐ.ஐ.எம். மாதிரி"ங்கிறது டியூஷன் சார் உற்சாகத்துல சொன்னது. ஐ.ஐ.எம்.கள் அடிப்படைல எம்.பி.ஏ. நடத்துற இடம், பிளஸ் டூ முடிச்சதும் நேரா சேர்ற 5 வருஷ படிப்ப இந்தூர் ஐ.ஐ.எம். 2011ல ஆரம்பிச்சுது, அப்புறம் ரோத்தக், ராஞ்சின்னு சிலது சேர்ந்துச்சு, அதுக்கெல்லாம் வேற என்ட்ரன்ஸ், பீஸும் வருஷத்துக்கு லட்சக்கணக்குல. இது அது இல்ல. இது ஒரு அரசு யுனிவர்சிட்டியோட சாதாரண டிகிரி, பீஸ் நம்ம ஊர் நடுத்தர பிரைவேட் காலேஜ விட கம்மியாவே இருக்கும், ஆனா உள்ள போறதுக்கு அடிதடி. ஏன் அடிதடின்னா கட்டடமோ ஏசி கிளாஸ்ரூமோ காரணம் இல்ல, பக்கத்து பெஞ்சுல உக்கார்ற புள்ளைங்க. நாடு முழுக்க இருந்து கணக்குல கெட்டியான 17, 18 வயசு புள்ளைங்கள வடிகட்டி ஒரே ரூம்ல போட்டா அவங்களே ஒருத்தருக்கொருத்தர் பாதி பாடம் நடத்திடுவாங்க, பைனான்ஸ் கிளப், கன்சல்டிங் கிளப்னு அவங்களே நடத்துற வேலைதான் அங்க முக்கால்வாசி படிப்பு, கம்பெனிக்காரங்க வர்றதும் அதுக்குத்தான்.

சரி, உங்க பொண்ணுக்கு வேண்டியது. சேர்றது பிளஸ் டூ மார்க்குல இல்ல, க்யூட் (சி.யு.இ.டி., யுனிவர்சிட்டிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) பரீட்சை மார்க்குல. பி.எம்.எஸ்.க்கு 3 பேப்பர் வேணும்: ஒரு மொழி, மேத்தமேட்டிக்ஸ் இல்லன்னா அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ், ஜெனரல் டெஸ்ட் (ஜெனரல் ஆப்டிடியூட் டெஸ்ட்னும் சொல்றாங்க). இதுல மேக்ஸ தவிர்க்கவே முடியாது, நல்லா கேட்டுக்கங்க, அக்கவுன்டன்சில நூத்துக்கு நூறு வாங்கினாலும் இந்த படிப்புக்கு அது செல்லாது. க்யூட் மேக்ஸ் பேப்பர்ல 50 கேள்வி, அதுல 15 எல்லாருக்கும் பொது, மீதி 35 நீங்க மேத்தமேட்டிக்ஸ் பகுதிய எடுக்கலாம், இல்ல அப்ளைடு பகுதிய எடுக்கலாம். அவ படிக்கிற பிசினஸ் மேக்ஸ் புத்தகத்தையும் அப்ளைடு மேக்ஸ் சிலபஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கச் சொல்லுங்க. மேட்ரிக்ஸ், இன்டெக்ரேஷன், ப்ராபபிலிட்டி டிஸ்ட்ரிப்யூஷன், இன்டெக்ஸ் நம்பர், டைம் சீரீஸ், எல்.பி.பி. (லீனியர் புரோகிராமிங்) எல்லாம் ரெண்டுலயும் இருக்கு. பியூர் மேக்ஸ்ல வர்ற வெக்டர், 3டி ஜியாமெட்ரி நம்ம பிசினஸ் மேக்ஸ்ல கெடையாது, அதனால அப்ளைடுதான் அவளுக்கு சரியான வாசல். பிளஸ் டூல படிச்ச பாடத்துலதான் க்யூட் எழுதணும், அதே பேர்ல பேப்பர் இல்லன்னா ரொம்ப நெருங்கின பாடத்த எழுதலாம்ங்கிறது யுனிவர்சிட்டி விதி, இருந்தாலும் "தமிழ்நாடு போர்டு பிசினஸ் மேக்ஸ், அப்ளைடு எழுதலாமா"ன்னு அட்மிஷன் ஹெல்ப்டெஸ்க்குக்கு இப்பவே ஒரு மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கங்க. டியூஷன் சார் வாய்வார்த்தை அங்க வெரிபிகேஷன்ல நிக்காது.

எங்களுக்கு பனியன் கம்பெனி இருக்கு. பையன் பிசினஸ் படிக்கப் போறேங்கிறான். காலையில 9 மணிக்கு என்கூட யூனிட்டுக்கு வந்தா கத்துக்காததையா 3 வருஷத்துல கத்துக்கப் போறான்? அப்படியே படிக்கணும்னா பி.காம். போட்டு கூடவே சி.ஏ. பண்ணச் சொல்றேன். நான் சொல்றது தப்பா? (ஒரு அப்பா, திருப்பூர்)

தப்புன்னு சொல்ல மாட்டேங்க. ஊர்ல பாதி பி.பி.ஏ. காலேஜுக்கு நீங்க சொல்றது அப்படியே பொருந்தும், டையும் கோட்டும் போட்டு பிபிடி காட்டச் சொல்லிக் குடுத்துட்டு ஒரு பேலன்ஸ் ஷீட்ட படிக்கத் தெரியாம அனுப்பி விடுறாங்க, அதுக்கு உங்க யூனிட்ல மெர்ச்சன்டைசர் பக்கத்துல உக்காந்தா எவ்வளவோ தேவல.

ஆனா எல்லாத்தையும் ஒரே தராசுல போடாதீங்க. நல்ல பி.எம்.எஸ்.ல எகனாமிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அக்கவுன்டிங், ஆபரேஷன்ஸ் ரிசர்ச், கார்ப்பரேட் பைனான்ஸ் எல்லாம் கணக்கு போட்டு படிக்கிற பாடம். உங்க யூனிட்ல இருந்தே ஒன்னு சொல்றேன். ஆர்டர் எடுக்கறப்போ டாலர் ரேட் ஒன்னு, ஷிப்மென்ட் போய் காசு வர்றப்போ ரேட் ஒன்னு, நடுவுல நூல் விலை ஏறிடுது, இந்த மூணையும் வச்சு "இந்த ஆர்டர எடுக்கலாமா வேண்டாமா"ன்னு நீங்க மனசுலயே போடுற கணக்க, பையன் பார்வர்டு கான்ட்ராக்ட் (டாலர் ரேட்ட முன்னாடியே பேசி வைக்கிறது), ஒர்க்கிங் கேபிடல் சைக்கிள் (போட்ட காசு திரும்பி வர்ற சுத்து)னு தாள்ல போட கத்துக்குவான். அது ரெண்டும் சேர்ந்தாதான் பேங்க் மேனேஜர் முன்னாடி உக்காந்து பேச முடியும், நீங்களே எத்தனை தடவ அவங்க கேக்கற கேள்விக்கு ஆடிட்டர கூப்பிட்டிருப்பீங்க.

சி.ஏ. பத்தி. சி.ஏ. பண்ற மனசு பையனுக்கு இருந்தா பி.காம்.தான் சவுகரியம், பாடம் பாதி ஒத்துப் போகும். டெல்லிலயே ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸ்னு 1926லேர்ந்து இருக்கிற காலேஜ் இருக்கு, அங்க பி.காம். ஆனர்ஸ்தான் ராஜா. அதுக்கு மேக்ஸ் இல்லாம அக்கவுன்டன்சி பேப்பர் எழுதியும் போகலாம், கூட வேற 2 பாடமும் ஒரு மொழியும் வேணும். ஆனா சி.ஏ. உங்க மனசுல மட்டும் இருந்து அவன் மனசுல இல்லன்னா வேண்டாங்க. இன்டர்ல 4 அட்டெம்ப்ட் போட்டுட்டு வீட்டுல அப்பா முகத்தப் பாக்க முடியாம இருக்கிற பசங்க கடிதம் இந்த பக்கத்துக்கு வாராவாரம் வருது.

அக்கா வணக்கம். நான் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், மேக்ஸ் குரூப். எனக்கு இங்கிலீஷ் தடுமாறும். இந்த பரீட்சைய நான் நெனச்சுப் பாக்கலாமா? (ஒரு மாணவன், தஞ்சாவூர்)

தாராளமா நெனைக்கலாம் தம்பி, நெறைய பேருக்கு இது தெரியவே தெரியாது: க்யூட் 13 மொழில நடக்குது, அதுல தமிழ் உண்டு. அப்ளிகேஷன் போடும்போது கேள்வித்தாள் மொழி தமிழ்னு குடுத்தா மேக்ஸும் ஜெனரல் டெஸ்ட்டும் தமிழ்ல வரும். அதைவிட முக்கியம், பி.எம்.எஸ்.க்கு கேக்கற "ஒரு மொழி" இங்கிலீஷாதான் இருக்கணும்னு இல்ல, தமிழ் பேப்பரையே எழுதலாம். பத்தி குடுத்து கேள்வி, சொல்வளம், அந்த மாதிரிதான் வரும், உனக்கு அது இனிப்பு சாப்பிடுற மாதிரி இருக்கும்.

2025ல இருந்த முறை இது: ஒவ்வொரு பேப்பரும் 50 கேள்வி, 60 நிமிஷம், எல்லா கேள்வியும் கட்டாயம், சரின்னா 5 மார்க், தப்புன்னா 1 கழிச்சுடுவாங்க. கம்ப்யூட்டர்ல பரீட்சை, அதனால ஸ்கூல் லேப்லயோ பிரவுசிங் சென்டர்லயோ மாக் டெஸ்ட் சிலது எழுதிப் பாரு, மவுஸ் பிடிக்கறதுலயே நேரம் போயிடக்கூடாது. பாடம் எல்லாம் என்.சி.இ.ஆர்.டி. பிளஸ் டூ புத்தகத்த ஒட்டி வரும், நம்ம ஸ்டேட் போர்டு மேக்ஸ் ஒன்னும் அதுக்கு எளச்சது இல்ல, சில இடத்துல நம்மளுதுதான் கஷ்டம், ஆனா எல்.பி.பி. மாதிரி சில பாடம் நம்ம பிளஸ் டூ மேக்ஸ் புத்தகத்துல இல்ல, அதை மட்டும் தனியா பிடிச்சுக்க. ஜெனரல் டெஸ்ட்டுக்கு தினமும் பேப்பர் படி, மீதி ரீசனிங், சதவீதம், விகிதம், வேகம்-தூரம், அதெல்லாம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்கு படிக்கிற அண்ணனுங்க கிட்ட புத்தகம் வாங்கினாலே போதும்.

இப்போ கசப்பானதையும் சொல்லிடறேன். பரீட்சை தமிழ்ல இருக்கலாம், கிளாஸ் இங்கிலீஷ்லதான், கேன்டீன் ஹிந்திலதான். முதல் செமஸ்டர் கண்ண கட்டி காட்டுல விட்ட மாதிரிதான் இருக்கும், அதுல அழுதுட்டு ட்ரெயின் ஏறி திரும்பி வந்த பசங்களும் உண்டு, ரெண்டாவது வருஷம் மேடை ஏறி பேசின பசங்களும் உண்டு. கணக்குல நீ கெட்டின்னா அங்க உன்கிட்ட சந்தேகம் கேக்க நாலு பேரு வருவான், அவனுங்ககிட்ட பேசியே இங்கிலீஷ் வந்துடும். இப்போலேர்ந்து தினமும் ஒரு பக்கம் எழுது, வாய்விட்டுப் படி.

எங்களுக்கு எம்.பி.சி. சர்டிபிகேட் இருக்கு. டெல்லில அது செல்லும்னு ஒருத்தர் சொல்றார், செல்லாதுன்னு இன்னொருத்தர் சொல்றார். (ஒரு அப்பா, தருமபுரி)

இந்த ஒரு கேள்விக்காகவே இந்த மாசம் முழுசையும் ஒதுக்கினேன்னு வச்சுக்கங்க. படிக்காம சீட்டு போனத விட பேப்பர் இல்லாம சீட்டு போனதுதான் நம்ம ஊர்ல ஜாஸ்தி.

உங்க கைல இருக்கிற சர்டிபிகேட் தமிழ்நாட்டு 69 சதவீத ஒதுக்கீட்டுக்கு. பி.சி., எம்.பி.சி.ங்கிற பிரிவு எல்லாம் நம்ம எல்லையோட சரி. மத்திய யுனிவர்சிட்டில ஓ.பி.சி.க்கு 27, எஸ்.சி.க்கு 15, எஸ்.டி.க்கு 7.5, இ.டபிள்யூ.எஸ்.க்கு (பொதுப் பிரிவுல பொருளாதாரத்துல பின்தங்கினவங்களுக்கு) 10 சதவீதம், அவ்ளோதான் கணக்கு. பி.சி.யும் எம்.பி.சி.யும் அங்க ஒரே ஓ.பி.சி., அருந்ததியர் உள்ஒதுக்கீடும் அங்க கெடையாது, எஸ்.சி.யோட சேர்ந்துடும்.

நீங்க செய்ய வேண்டியது, முதல்ல உங்க சாதிப் பேரு மத்திய அரசோட ஓ.பி.சி. பட்டியல்ல தமிழ்நாட்டுக்கு நேரா இருக்கான்னு பாக்கணும், மாநிலப் பட்டியல்ல இருக்கிற எல்லாமே மத்தியப் பட்டியல்ல இருக்கும்னு சொல்ல முடியாது. அப்புறம் இ-சேவைல ஓ.பி.சி. சர்டிபிகேட்னு தனியா அப்ளை பண்ணணும், மத்திய அரசு படிவத்துல தாசில்தார் கையெழுத்தோட வரும், அதுல "கிரீமி லேயர்ல வரல", அதாவது வசதியானவங்க பிரிவுல இல்லங்கிற வரி இருக்கணும். அந்த வரி இல்லன்னா அந்த காகிதத்த வச்சு விசிறிக்கலாம். தேதியும் முக்கியம், சேர்ற வருஷம் ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்கினதாதான் கேக்கறாங்க, போன வருஷத்து சர்டிபிகேட்ட நீட்டாதீங்க. பேரு, இனிஷியல், ஸ்பெல்லிங் எல்லாம் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும், மார்க் ஷீட்ல "எம். கவின்", ஆதார்ல "கவின் முருகன்"னு இருந்தா இன்னிக்கே சரி பண்ணுங்க.

இந்த கிரீமி லேயர் கணக்குல வருமானத்துக்கு 8 லட்சம் வரம்புன்னு சொன்னதும் சம்பளத்த எல்லாம் கூட்டிப் பாத்து கைவிட்டுடறாங்க. சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்துல சேராது, வியாபாரம், வாடகை மாதிரி மத்த வருமானம்தான் சேரும். அரசு வேலைல குரூப் ஏ, குரூப் பி அதிகாரியா இருக்கிறவங்களுக்கு வேற கணக்கு, அது பதவிய வச்சு. இது புரியாம "எங்களுக்கு கெடைக்காது"ன்னு தாலுகா ஆபீஸ் வாசல்லேயே திரும்பி வந்தவங்க எத்தனையோ பேரு. ஏப்ரல்ல கூட்டம் கம்மியா இருக்கும்போதே போங்க, பிளஸ் டூ ரிசல்ட் வந்தப்புறம் அந்த வாசல்ல நிக்கவே முடியாது.

டெல்லி அரசு காசு குடுக்கிற காலேஜ்னா டெல்லி புள்ளைங்களுக்கே 85 சதவீதம் போயிடுமாமே? (ஒரு வாசகி, கோவில்பட்டி)

அது ஐ.பி. யுனிவர்சிட்டி, டெல்லி அரசோட சொந்த யுனிவர்சிட்டி. அங்க டெல்லில பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு 85 சதவீதம் உண்டு. டெல்லி யுனிவர்சிட்டி மத்திய யுனிவர்சிட்டி, அதுல பி.எம்.எஸ். மாதிரி படிப்புக்கு இந்த ஊர்க்காரங்க ஒதுக்கீடு எல்லாம் கெடையாது. ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க.

க்யூட் எழுதிட்டா சீட்டு தானா வந்துடுமா? என் அண்ணன் பையன் நல்ல மார்க் எடுத்தும் கைக்கு வந்த சீட்டு போயிடுச்சு. (ஒரு வாசகர், கடலூர்)

தானா வராது. க்யூட் நடத்தறது என்.டி.ஏ.ங்கிற தேசிய தேர்வு முகமை, சீட்டு குடுக்கிறது யுனிவர்சிட்டி, அதுக்கு சி.எஸ்.ஏ.எஸ்.னு தனி போர்ட்டல், அதுல தனியா பதிவு பண்ணி தனியா பீஸ் கட்டணும். அப்புறம் எந்த படிப்பு எந்த காலேஜ்னு வரிசைப்படுத்தி குடுக்கணும். இந்த வரிசைலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. பி.எம்.எஸ். வேணும்னா ஷாகீத் சுக்தேவ் ஒன்ன மட்டும் போட்டுட்டு உக்காராதீங்க, தீன் தயாள் உபாத்யாயா காலேஜ், கேஷவ் மகாவித்யாலயான்னு மத்ததையும் வரிசையா போடுங்க, பி.காம். ஆனர்ஸும் கீழ போட்டு வைங்க, எவ்வளவு நீளமா போட்டாலும் நஷ்டம் இல்ல.

சீட்டு வந்ததும் குடுத்த நாளுக்குள்ள "அக்செப்ட்" அழுத்தணும், அழுத்தலன்னா அந்த சீட்டும் போச்சு, அடுத்த ரவுண்டும் போச்சு. உங்க அண்ணன் பையனுக்கு நடந்தது இதுவா இருக்கும், இல்ல இன்னொன்னு. பீஸ் கட்டினதும் "ஃப்ரீஸ்", "அப்கிரேட்"னு ரெண்டு பட்டன் வரும். அப்கிரேட் குடுத்து, அடுத்த ரவுண்டுல நீங்க மேல எழுதின காலேஜ் ஒன்னு கெடச்சா பழைய சீட்டு அந்த நிமிஷமே காலி, "ஐயோ பழசே நல்லா இருந்துச்சே"ன்னா திரும்ப குடுக்க மாட்டாங்க. அதனால மேல எழுதறப்பவே நெஜமா அதுதான் வேணுமான்னு யோசிச்சு எழுதுங்க, சும்மா பேர் பெருசா இருக்குன்னு மேல தூக்கிப் போடாதீங்க.

ஊர்லயே ஒரு காலேஜ்ல பி.பி.ஏ.க்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்குன்னு பெரிய பேனர் வச்சிருக்காங்க. அது அவ்ளோ பெரிய விஷயமா? (ஒரு வாசகி, மதுரை)

2024-25லேர்ந்து பி.பி.ஏ., பி.எம்.எஸ்., பி.சி.ஏ. நடத்துற காலேஜுங்க ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) அனுமதி வாங்கணும்னு ஆயிடுச்சு. அதனால அது லைசென்ஸ் மாதிரி, இல்லன்னா கேள்வி கேக்கணும், இருந்தா அதுக்காக கைதட்ட வேண்டாம். இதுல நம்ம ஊர் சம்பந்தம் ஒன்னு இருக்கு, யுனிவர்சிட்டிகளுக்கே அந்த முன்அனுமதி வேண்டியதில்லன்னு 2001ல சுப்ரீம் கோர்ட் சொன்ன வழக்கு நம்ம திருச்சி பாரதிதாசன் யுனிவர்சிட்டி போட்ட அப்பீல்தான். பேனர்ல அதுக்கு பதிலா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் யாரு நடத்துறாங்க, போன வருஷம் பாதி பசங்களுக்கு மேல என்ன சம்பளம் கெடச்சுதுன்னு போட்டிருந்தா நான் கைதட்டுவேன். "அதிகபட்ச பேக்கேஜ்"னு போடுறது ஒரே ஒரு பையனோட கதை.

டெல்லி குளிர், சாப்பாடு? (ஒரு பாட்டி, நாகர்கோவில்)

பாட்டி, டிசம்பர் ஜனவரில நல்ல ஸ்வெட்டர், ரஜாய் வேணும், அதை அங்கயே வாங்கிக்கலாம், இங்கேர்ந்து மூட்டை கட்டாதீங்க. குளிர விட நவம்பர் புகைதான் தொல்லை, வீசிங் இருக்கிற புள்ளன்னா மாஸ்க்கும் மருந்தும் கைல இருக்கணும். இட்லி தோசை கரோல் பாக்லயும் ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கம் பக்கமும் தாராளம், ஆனா காலேஜ் இருக்கிற ரோகிணி அங்கேர்ந்து தூரம், மெட்ரோல போயிட்டு வர ஒரு ஞாயித்துக்கிழம போயிடும். பேரனுக்கு ஒரு சின்ன ரைஸ் குக்கரும் உங்க கைப்பொடியும் குடுத்து விடுங்க, பேயிங் கெஸ்ட்டா தங்குற பசங்களுக்கு அதுதான் சொத்து.

அந்த டிகிரி 3 வருஷமா 4 வருஷமா? கெடைக்கலன்னா என்ன பண்றது? (ஒரு மாணவி, ஈரோடு)

2022ல சேர்ந்த பேட்ச்லேர்ந்து 4 வருஷமா மாத்திட்டாங்க, ஆனா 3 வருஷத்துல டிகிரியோட வெளிய வந்துடலாம். எம்.பி.ஏ. போறதா இருந்தா 3 போதும், வெளிநாட்டுல மேல படிக்கணும், ரிசர்ச் பண்ணணும்னா 4வது வருஷம் உபயோகம்.

கெடைக்கலன்னா நம்ம ஊர் அரசு கலைக் கல்லூரில பி.பி.ஏ.யோ பி.காம்.மோ சேரு, அப்ளிகேஷன் எல்லா கல்லூரிக்கும் ஒரே வெப்சைட்லதான், ரிசல்ட் ஒட்டி மே மாசம் திறப்பாங்க, அதையும் டெல்லிக்கு போடும்போதே சேர்த்துப் போட்டு வை, ஏன்னா டெல்லி சீட்டு முடிவாகறதுக்குள்ள இங்க கவுன்சலிங் முடிஞ்சு போயிருக்கும். அந்த க்யூட்டுக்கு படிச்ச கணக்கும் ரீசனிங்கும் வீணாகாது, 3 வருஷம் கழிச்சு கேட், டான்செட் மாதிரி எம்.பி.ஏ. என்ட்ரன்ஸ், பேங்க் பரீட்சைன்னு எதுல உக்காந்தாலும் அதே கேள்விதான் வேற சட்டை போட்டுட்டு வரும்.